மாதத்தில் ஒரு புதன்கிழமை: ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் பேச்சுப் பயிற்சியாளருக்கு முழுமையான வழிகாட்டி

படிக்கும்போது நமக்குப் பழக்கிவிட்டது ஓர் அறையை. கதவைச் சாத்தலாம், மேசை இருக்கும், சுவரில் கண்ணாடி இருக்கும், அதே குழந்தை அதே நேரத்துக்கு வாரத்தில் மூன்று நாள் வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது ஒன்றும் கிடையாது. ஊசி போடும் புதன்கிழமை, வராந்தா நிறையத் தாய்மார்கள், ஒரு பிள்ளை அழுதால் தொடர்ந்து பத்துப் பிள்ளை அழும், மேலே கடகடவென்று மின்விசிறி. "நீங்க எந்த ஊசிக்கு மேடம்?" என்று ஓர் ஆச்சி நம்மிடமே கேட்பார். அங்கே முதல்முறை போய் உட்காரப்போகிற ஸ்பீச் தெரபிஸ்டுகளுக்காக இதை எழுதுகிறேன். தாமிரபரணிக் கரை ஊர்களில் நான் தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டதுதான் இதில் பெரும்பங்கு.

முதலில் ஒரு கணக்கு. ஒரு பி.எச்.சி.க்கு மாதம் ஒருமுறை போகிறீர்கள். ஒரு குழந்தைக்கு அரைமணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்தக் குழந்தை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் விழித்திருக்கிறது என்று வைத்தால் மாதத்துக்கு 360 மணி நேரம். நம் பங்கு அதில் அரைமணி. மீதி 359½ மணி நேரம் அம்மாவோடும் ஆச்சியோடும் பால்வாடி டீச்சரோடும் போகிறது. ஆகவே அங்கே நம் வேலை குழந்தைக்குப் பயிற்சி கொடுப்பதல்ல, அந்த 359½ மணி நேரத்தை ஏற்பாடு செய்துவிட்டு வருவது. கீழே வரும் படிகள் எல்லாமே அதற்காகத்தான்.

படி 1: நர்ஸக்காவைப் பிடியுங்கள்

சமவெளியில் சுமார் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது விதிமுறை. அதற்குக் கீழே 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். அங்கே இருப்பவர் கிராம சுகாதார செவிலியர். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை எப்போது பிறந்தது, பிறந்ததும் அழுததா, எத்தனை நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள், மஞ்சள் காமாலைக்கு ரத்தம் மாற்றினார்களா, எல்லாம் அவருக்குத் தெரியும். பாதி அவருடைய பதிவேட்டில் இருக்கும், மீதி அவர் தலைக்குள் இருக்கும். மருத்துவ அலுவலருக்கு வணக்கம் சொல்லி, வந்த காரணத்தைச் சொல்லி, அடுத்து நேராகப் போய் உட்கார வேண்டிய இடம் அவர் மேசை.

இன்னும் மூன்று பேரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அங்கன்வாடி டீச்சர், ஊரில் யாரும் அங்கன்வாடி என்று சொல்வதில்லை, பால்வாடிதான். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கும் பெண் தன்னார்வலர். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் பெரியவர்களின் விலாசம் அவரிடம்தான் கிடைக்கும். மூன்றாவது, 2013-இல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழு. ஆர்.பி.எஸ்.கே. வண்டி என்பார்கள். பால்வாடிகளுக்கு வருடத்துக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் போய் பதினெட்டு வயது வரை பார்ப்பது அவர்கள் வேலை. அவர்கள் எழுதிவைத்த பரிந்துரைச் சீட்டுகளில் எத்தனை பேர் மாவட்டத் தலைநகருக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வராமல் விட்டவர்கள்தான் உங்கள் முதல் பட்டியல்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. தமிழ்நாட்டில் பொதுவாகச் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கு, புதன்கிழமை தடுப்பூசிக்கு. நான் புதனைத்தான் எடுப்பேன். கூட்டம் எரிச்சலூட்டும், ஆனால் தடுப்பூசி அட்டவணையே நமக்காகப் போட்டது மாதிரி இருக்கும். ஒன்பதாம் மாத ஊசிக்கு வரும் குழந்தையிடம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்று பார்க்கலாம். 16 முதல் 24 மாதத்துக்குள் பூஸ்டர் ஊசிக்கு வரும்போது எத்தனை வார்த்தை என்று கேட்கலாம். அதற்கப்புறம் ஐந்து வயதில்தான் அடுத்த ஊசி. நடுவில் மூன்று வருட இடைவெளி. பேச்சு தாமதமான பிள்ளைகள் காணாமல் போவது இந்த இடைவெளியில்தான். இரண்டிலிருந்து ஐந்து வயது வரையுள்ளவர்களைப் பிடிக்கப் பால்வாடிக்குத்தான் போக வேண்டும், பி.எச்.சி. வாசலில் காத்திருந்தால் வர மாட்டார்கள்.

படி 2: வேறு எதற்கும் முன்னால் காது

என் முதல் வருடத்தில் நடந்தது. இரண்டரை வயதுப் பையன், பேச்சு இல்லை. கதவைத் தட்டினால் திரும்பினான், லாரி போனால் பார்த்தான். "காது நல்லாக் கேக்கும் மேடம்" என்றார் அம்மா. நானும் நம்பிவிட்டேன். ஏழு மாதம் பயிற்சி கொடுத்தும் ஒன்றும் நகராததால், ஒலி காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனைக்கு அனுப்பினேன். இரண்டு காதிலும் கடுமையான கேட்புத்திறன் இழப்பு. கதவுத் தட்டல் அவனுக்குத் தரையின் அதிர்வாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த ஏழு மாதத்தை என்னால் அவனுக்குத் திருப்பித் தர முடியவில்லை.

ஆகவே, பேச்சு வராத எந்தக் குழந்தைக்கும் காதுப் பரிசோதனை முடியாமல் பயிற்சித் திட்டம் எழுதாதீர்கள். "கேக்கும்" என்று வீட்டில் சொல்வது பரிசோதனை ஆகாது.

உள்காது ஒலிக்குப் பதிலொலி தருகிறதா என்று பார்க்கும் கையடக்க ஓ.ஏ.இ. கருவி இருந்தால் எடுத்துப் போங்கள். ஓ.பி. வராந்தாவில் வைத்துப் பார்த்தால் பாதிக் குழந்தைகள் தேறாது, சத்தம் அப்படி. ஸ்கேன் அறை, பிரசவ வார்டின் ஓரம், மருந்துக் கிடங்கு, எது அமைதியோ அதைக் கேட்டு வாங்குங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். குழந்தை பால் குடித்துத் தூங்கும் நேரம் உத்தமம். பிறந்து ஒருநாள்கூட ஆகாத குழந்தைக்குக் காதுக்குழாயில் பிறப்பின் மெழுகுப் பசை இருக்கும், அதனால் தேறாமல் போகலாம்; இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தேறவில்லை என்றால் அம்மாவிடம் "காது கேக்கல" என்று சொல்லிவிடாதீர்கள். "இன்னொரு தடவை பாக்கணும்மா" என்பது மட்டும்தான் அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்த உண்மை.

இன்னொன்று: இன்குபேட்டரில் இருந்த பிள்ளை, காமாலைக்கு ரத்தம் மாற்றிய பிள்ளை இவர்களுக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது. உள்காது சரியாக இருந்து நரம்பில் கோளாறு இருந்தால் ஓ.ஏ.இ. 'பாஸ்' என்றே காட்டும். இவர்களை நேராகப் பெராவுக்கு அனுப்புங்கள்.

கருவியே இல்லையா? ஆறு ஒலிகள் இருக்கின்றன: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். தாழ்ந்த சுருதியிலிருந்து உச்ச சுருதி வரை பேச்சின் முழு அகலத்தையும் இவை தொட்டுவிடும். குழந்தை அம்மா மடியில் முன்பக்கம் பார்த்து விளையாடட்டும். நீங்கள் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி, உங்கள் நிழல் விழாதபடி, மூச்சுக்காற்று படாதபடி ஒவ்வொன்றாகச் சாதாரணக் குரலில் சொல்லுங்கள். 'ஊ'வுக்குத் திரும்பி 'ஸ்'ஸுக்குத் திரும்பாத பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் "கேக்கும்" என்று அடித்துச் சொல்வது இவர்களைப் பற்றித்தான். ஆனால் இது சந்தேகத்தைக் காட்டித்தரும் வேலை மட்டுமே. எல்லாவற்றுக்கும் திரும்பினாலும் பேச்சு வராத குழந்தைக்குக் கருவிப் பரிசோதனை கட்டாயம்.

உலகெங்கும் வைத்திருக்கும் இலக்கு 1–3–6: ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் காதொலிக் கருவியும் பயிற்சியும். நம் ஊரில் பலர் நம் கைக்கு வருவதே இரண்டு வயதுக்கு மேல்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவைச் சிகிச்சைக்கு ஆறு வயது வரம்பு இருக்கிறது. "பாத்துக்கலாம்" என்று ஒத்திப்போடும் குடும்பத்திடம் இந்த வரம்பைச் சொல்லியே ஆக வேண்டும்.

பிறவிக் காது கேளாமை சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்குக் கூடுதலாக வரும் என்பதால், சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்பதும் அவசியம். குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் பதில் வராது, அடுத்த மாதம் ஆளும் வர மாட்டார்கள். "மாப்பிள்ளை சொந்தமாம்மா, அசலா?" என்று போகிற போக்கில் கேளுங்கள். மூத்த பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்றால் அடுத்தது பிறந்த வாரமே பார்க்க வேண்டும். இதை நர்ஸக்காவின் கர்ப்பிணிப் பதிவேட்டில் அந்த அம்மாவின் பெயருக்கு எதிரே குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

சீழ் வடியும் காதை யாரும் நோயாகவே நினைப்பதில்லை. காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவார்கள், கோழி இறகால் குடைவார்கள். பள்ளிக்கூடத்தில் "கவனிக்க மாட்டேங்கான்" என்று பெயர் வாங்கும் பிள்ளைகளில் சிலருக்குச் சிக்கல் இவ்வளவுதான். எண்ணெய் வேண்டாம், குளத்தில் முங்கிக் குளிக்க வேண்டாம், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். இந்த மூன்றையும் சொல்லி அனுப்புங்கள்.

படி 3: யாருக்குக் கவலைப்பட வேண்டும், யாருக்கு வேண்டாம்

பன்னிரண்டு மாதத்தில் மழலை ஒலியும் இல்லை, விரலால் சுட்டிக் காட்டுவதும் இல்லை. பதினாறு மாதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. இரண்டு வயதில் "தண்ணி தா" மாதிரி இரண்டு வார்த்தை சேரவில்லை. மூன்று வயதில் வீட்டார் தவிர வெளியாளுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த வயதிலானாலும், வந்த பேச்சு போய்விட்டது. இந்த ஐந்தையும் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஊசி அறையில் ஒட்டுங்கள். முறையான கருவி வேண்டுமென்றால் திருவனந்தபுரத்தில் உருவான டி.டி.எஸ்.சி. வளர்ச்சி அட்டவணையும், மூன்று வயது வரைக்குமான லெஸ்ட் மொழி அளவுகோலும் எளியவை. ஆட்டிசம் சந்தேகம் வந்தால் 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கு இருபது கேள்விகள் கொண்ட எம்-சாட் இருக்கிறது. கேள்விகளைத் தாளைப் பார்த்து வாசிக்காதீர்கள். அம்மாவுக்கு அது பரீட்சை மாதிரி ஆகிவிடும், எல்லாவற்றுக்கும் "ஆமா, செய்வான்" என்பார்.

உங்களுக்குக் கிடைக்கப்போகும் எதிர்வாதம் எனக்கு மனப்பாடம்: "அவுக அப்பாவும் நாலு வயசு வரைக்கும் பேசலதான். இப்பம் பாருங்க, வாய மூட மாட்டாவ." எங்கள் பக்கத்தில் கூடுதலாக ஒன்று உண்டு. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாமலிருந்து திருச்செந்தூர் முருகன் சன்னதியில் பாடத் தொடங்கினார் என்பது ஊரறிந்த கதை. முருகன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லும் ஆச்சியிடம் வாதாடி ஜெயிக்க முடியாது, ஜெயிக்கவும் வேண்டாம். "திருச்செந்தூருக்குப் போங்க ஆச்சி, வர்ற வழியில பெரியாஸ்பத்திரியில காதையும் பாத்துட்டு வந்துருங்க" என்பேன். இரண்டும் நடக்கும்.

நாக்கில் தேன் தடவுவதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆபத்து, பொட்டுலிசம் என்ற நஞ்சேறும் நோய் வரலாம். வசம்பு உரசித் தடவினாலும் பேச்சு வந்துவிடாது. "நாக்கு ஒட்டியிருக்கு, வெட்டிவிட்டாப் பேசுவான்" என்று வருபவர்களிடம் குழந்தையை நாக்கை நீட்டச் சொல்லுங்கள், மேலுதட்டை நக்கச் சொல்லுங்கள். முடிகிறதென்றால் பேச்சு வராததற்கு நாக்கு காரணமல்ல.

மறுபக்கம், கவலைப்படத் தேவையில்லாத பிள்ளைகளையும் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நான்கு வயதில் 'மரம்' என்பதை 'மயம்' என்றால் பொறுத்திருக்கலாம், ரகரம் தாமதமாகத்தான் தேறும். அதே வயதில் 'காப்பி' இன்னும் 'தாப்பி'யாகவும் 'கோழி' இன்னும் 'தோளி'யாகவும் இருந்தால் பயிற்சி வேண்டும். 'கோழி'யில் ழகரம் ளகரமானதைக் கணக்கில் எடுக்காதீர்கள். தென்மாவட்டங்களில் பெரியவர்களே 'பளம்' என்றுதான் சொல்கிறார்கள், சென்னையில் அதுவே 'பயம்' ஆகும். அம்மாவைச் சொல்லச் சொல்லுங்கள். அம்மா எப்படிச் சொல்கிறாரோ அதுதான் அந்தக் குழந்தையின் அளவுகோல். பாடப்புத்தகத் தமிழை வைத்துக் குறைபாடு தேடினால் ஊரில் ஒருவரும் தேற மாட்டார்கள், நான் உட்பட.

படி 4: அரைமணி நேரத்தில் வீட்டுக்கு ஒரு வேலை

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். காது சரி, பிள்ளைக்குப் புரிகிறது, பேச்சுதான் இல்லை என்ற நிலையில் இருக்கும் ஒரு குழந்தையை வைத்துச் சொல்கிறேன்.

இரண்டே முக்கால் வயது. அம்மா வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார், அப்பா திருப்பூரில். பகலெல்லாம் ஆச்சி. பையன் ஆச்சியின் கையைப் பிடித்து இழுத்துப் போய் அலமாரிக்கு முன் நிறுத்துவான். ஆச்சி டப்பாவைத் திறந்து முழு முறுக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார். பேச வேண்டிய தேவையே அவனுக்கு வரவில்லை. பாசத்தில் ஆச்சி எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்துவிடுகிறார்.

நான் கொடுத்த வேலை இவ்வளவுதான். முறுக்கைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்து, மூடி இறுக்கமான, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டப்பாவில் போட வேண்டும். டப்பாவை அவன் கையிலேயே கொடுக்க வேண்டும். திறக்க முடியாமல் அவன் நீட்டுவான். அப்போது வாங்கிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்து, மனதுக்குள் ஐந்து வரை எண்ண வேண்டும். ஆச்சிக்கு எண்ணுவது மறந்துபோகும் என்பதால் முதுகுக்குப் பின்னால் விரல் மடக்கச் சொன்னேன். அந்த ஐந்துக்குள் அவன் பார்த்தாலும் சரி, 'ம்' என்றாலும் சரி, டப்பாவைத் தட்டினாலும் சரி, அது பேச்சு. உடனே "தொற" என்று ஒரே வார்த்தை சொல்லித் திறந்து ஒரு துண்டு. மூடி மறுபடியும் கையில். முழு முறுக்குக்கு ஒரு வாய்ப்பு, பத்துத் துண்டுக்குப் பத்து வாய்ப்பு.

எதற்கு 'தொற'? படப்புத்தகத்தில் இருக்கும் யானையும் சிங்கமும் அவன் வாழ்க்கையில் ஒன்றையும் செய்துதராது. 'தொற' டப்பாவுக்கும் ஆகும், கதவுக்கும் ஆகும், குழாய்க்கும் ஆகும். இப்படிப் பத்துச் சொற்களை அந்த வீட்டுக்குள்ளிருந்தே எடுங்கள்: தா, வா, போ, தொற, இன்னும், வேணாம், பால், மாடு, கோழி, ஆச்சி. உதட்டில் பிறக்கும் சொற்கள் எளிது, பார்த்தே பிடித்துக்கொள்வார்கள். அந்த வகையில் 'மம்மு', 'பூவா' போன்ற மழலைச் சொற்களைத் தாராளமாகச் சொல்லலாம் என்பது என் கட்சி. குழந்தையிடம் பெரியவர் மாதிரித்தான் பேச வேண்டும் என்று அதட்டும் சக பயிற்சியாளர்கள் உண்டு. 'மம்மு'விலிருந்து 'சோறு'க்குத் தானாக வராத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

அந்த அம்மா கேட்டார்: "நாளுக்கு இவ்வளவு பீடின்னு கணக்கு மேடம், எனக்கு எங்க நேரம்?" நியாயமான கேள்வி. நான் தனி நேரம் கேட்கவில்லை. கைக்குத்தானே வேலை, வாய் சும்மாதான் இருக்கிறது. புகையிலைத் தூள் படாத தூரத்தில் பிள்ளையை உட்காரவைத்து, தெருவில் போவதையெல்லாம் இரண்டு வார்த்தையில் சொல்லச் சொன்னேன். "மாடு வருது." "பஸ் போச்சு." "ஆச்சி தூங்குது." பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு, அது நம் ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிறது: "இது என்னது, சொல்லு? மேடம்ட்ட ரைம்ஸ் சொல்லு. சொல்லு பாப்போம், சொல்லு." 'சொல்லு' என்ற சொல்லை வீட்டில் ஒரு மாதம் தடைசெய்யுங்கள். கேள்வி கேட்டால் பேசாத பிள்ளை இன்னும் மூடிக்கொள்ளும்.

திக்கிப் பேசும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். "மெதுவா சொல்லு, மூச்சை இழுத்துட்டுச் சொல்லு" என்று சுற்றி நாலு பேர் நின்றால் திக்கல் கூடும். சொல்லி முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக் காத்திருப்பதும், நாம் மெதுவாகப் பேசுவதும் போதும். திக்குவாய் என்று கூப்பிடுவதை வகுப்பில் டீச்சர் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

செல்போனைப் பற்றிப் பிரசங்கம் பண்ணாதீர்கள், நூறு பேர் பண்ணியாயிற்று. எந்த நேரத்தில் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அநேகமாகச் சோறு ஊட்டும்போது. அந்த ஒரு வேளையை மட்டும் திரும்ப வாங்குங்கள். வாய் திறக்க, மெல்ல, 'இன்னும்' கேட்க, 'வேணாம்' என்று தலையாட்ட இயல்பான நேரம் அது.

வீட்டில் என்ன மொழியில் பேச வேண்டும் என்று கேட்பார்கள். நர்சரியில் சேர்க்கப்போகிறோம், இங்கிலீஷில் பேசவா என்பார்கள். அம்மாவுக்குக் கோபம் வந்தால் எந்த மொழியில் திட்டுவாரோ அந்த மொழி. தமிழோ, தெலுங்கோ, உருதுவோ, சௌராஷ்டிரமோ.

வேலையை ஒரே வரியில் எழுதித் தடுப்பூசி அட்டையோடு பின் பண்ணிக் கொடுங்கள்: 'டப்பா. ஐந்து எண்ணு. தொற.' அடுத்த மாதம் வரும்போது அரை நிமிட வீடியோ ஒன்றை போனில் எடுத்துவரச் சொல்லுங்கள். அறைக்குள் நம் முன்னால் ஊமையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை வீடியோவில் கோழியை விரட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருக்கும். மதிப்பீட்டுத் தாளைவிட அந்த வீடியோவை நம்பலாம்.

படி 5: அனுப்ப வேண்டியவர்களை அனுப்புங்கள், சீட்டோடு மட்டும் அல்ல

அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தைக்கு முதல் வாரத்தில் வேண்டியது பேச்சுப் பயிற்சியல்ல, பால். படுக்கவைத்துக் கொடுத்தால் மூக்கில் ஏறும். நிமிர்த்தி வைத்து, பீய்ச்சிய தாய்ப்பாலைப் பாலாடைச் சங்கில் கொஞ்சம் கொஞ்சமாக. எடை ஏறினால்தான் அறுவைச் சிகிச்சைக்கு எடுப்பார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், காது இவற்றில் சந்தேகம் வந்தால் டி.இ.ஐ.சி. என்று சொல்லும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம். பள்ளி வயதுப் பிள்ளை என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் போவார்கள் என்று நினைக்காதீர்கள். எந்த பஸ், எந்த ஸ்டாப், எத்தனாவது மாடி, எந்தக் கிழமை, என்னென்ன அட்டை என்று சீட்டின் பின்பக்கம் எழுதுங்கள். முடிந்தால் அங்கே இருப்பவருக்கு அவர்கள் முன்னாலேயே போன் போட்டுப் பேசுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடும் ஒன்று. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கத் தயங்குவார்கள், 'முத்திரை குத்துறீங்களா' என்பார்கள். அவசரப்படுத்தாதீர்கள், மூன்றாவது நான்காவது சந்திப்பில் அவர்களே கேட்பார்கள்.

படி 6: மதியத்துக்கு மேல் பெரியவர்கள்

புதன் மதியம் கூட்டம் வடிந்ததும் தன்னார்வலரோடு வீடுகளுக்குக் கிளம்புங்கள். பக்கவாதம் வந்தவர்களின் வீட்டில் கையும் காலும்தான் பேசுபொருளாக இருக்கும். விழுங்குவதைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்: தண்ணீர் குடித்ததும் இருமுகிறாரா? சாப்பிட்டபின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி மாறுகிறதா? அடிக்கடிக் காய்ச்சலும் சளியுமா? மெலிந்துகொண்டே போகிறாரா? இதில் ஒன்றுக்கு 'ஆமா' வந்தாலும் உணவு நுரையீரலுக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும். சிலர் இருமவே மாட்டார்கள், சத்தமில்லாமல் உள்ளே போகும். காய்ச்சல் அடிக்கும் ஆளை வீட்டில் வைத்துச் சரிபண்ணப் பார்க்காதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சாப்பிடும்போது போய் நின்று பாருங்கள். நான் பார்க்கும் தவறுகள் திரும்பத் திரும்ப இவைதான். கயிற்றுக் கட்டில் குழிந்திருக்கும், அதில் சாய்ந்தபடி ஊட்டுவார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்த்தி, பலமில்லாத பக்கம் தலையணை கொடுக்க வேண்டும். ஊட்டுபவர் நின்றுகொண்டு ஊட்டுவார், வாங்குபவர் அண்ணாந்து வாங்குவார். ஊட்டுபவர் உட்கார வேண்டும், கண்ணுக்கு நேராகக் கரண்டி வர வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அண்ணாந்து குடிப்பது. சொம்பைத் தூக்கி வாயில் படாமல் ஊற்றிக்கொள்வது எழுபது வருடப் பழக்கம். விழுங்கும் தசை தளர்ந்தவருக்கு அது மூச்சுக்குழாயைத் திறந்துவைத்து ஊற்றுவது போல. டம்ளரை உதட்டில் வைத்துக் குடிக்கச் சொன்னால் எச்சில் என்று முகம் சுளிப்பார். அவருக்கென்று தனி டம்ளர் ஒன்றை ஒதுக்குங்கள், பிரச்சினை தீர்ந்தது.

உணவில், பலரும் எளிது என்று நினைத்துக் கொடுக்கும் ரசஞ்சாதம்தான் கடினம். தண்ணீரும் பருக்கையும் வாயில் தனித்தனியாகப் பிரிந்து, ஒன்றை மெல்லும்போதே மற்றது தொண்டைக்கு ஓடிவிடும். குழைத்து ஒரே பதமாக்கிய தயிர்சாதம், கெட்டியான கேழ்வரகுக் கூழ் நல்லது. கஞ்சியின் பதத்தை எப்படிச் சொல்வது? பி.எச்.சி.யில் சிரிஞ்சுக்குப் பஞ்சமில்லை. ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு, 0 முதல் 10 வரை அளவுகோல் 61.5 மி.மீ. நீளமுள்ளதாகப் பாருங்கள். நுனியை விரலால் அடைத்து 10 வரை கஞ்சியை ஊற்றி, விரலை எடுத்துப் பத்து நொடி விட்டுத் திரும்ப அடையுங்கள். மிச்சம் ஒரு மி.லி.க்குக் கீழே என்றால் அது தண்ணீர்ப் பதம். 1–4 சற்றே கெட்டி, 4–8 இளங்கெட்டி, 8-க்கு மேல் நல்ல கெட்டி. பன்னாட்டு விழுங்குணவு அளவுமுறை இதுதான், இதை மருமகளுக்கு ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். எந்தப் பதம் இவருக்கு என்பதை மட்டும் நீங்கள் பரிசோதித்து முடிவுசெய்யுங்கள், எல்லோருக்கும் கெட்டிதான் என்று கிடையாது.

ஒரு நுணுக்கம் எனக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது. காலையில் சரியான பதத்தில் வைத்த கஞ்சி பாதி சாப்பிடும்போதே நீர்த்துப் போகிறது, இருமல் தொடங்குகிறது. வாயில் போன கரண்டி திரும்பக் கிண்ணத்துக்குள் வருகிறது, எச்சிலில் இருக்கும் நொதி மாவுப்பொருளை உடைத்துவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சிறு கிண்ணத்தில் எடுத்துக் கொடுத்தால் இது நடக்காது. சாப்பிட்டபின் அரைமணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும், கன்னத்தில் ஒதுங்கியதை விரலில் துணி சுற்றித் துடைத்தெடுக்க வேண்டும்.

பேச்சு போனவர்களைப் பற்றிச் சுருக்கமாக. சொல் வராமல் தவிப்பவர் புத்தி போனவர் அல்ல என்பதை வீட்டாரிடம், அவர் காதில் விழும்படி சொல்லுங்கள். ஒன்று இரண்டு மூன்று, கிழமைகள், சாமி பாட்டு இவை சிலருக்குத் தானாக வரும், அங்கிருந்து தொடங்கலாம். "சோறா? காப்பியா?" என்று இரண்டை மட்டும் காட்டிக் கேட்கப் பழக்குங்கள். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருக்கிறது, அதிலும் புகையிலை, வெற்றிலை பழக்கம் உண்டு என்றால் பயிற்சி ஒன்றும் வேண்டாம், நேராகத் தொண்டை மருத்துவர்.

படி 7: வேலையைக் கையளிப்பது

பால்வாடி டீச்சருக்குப் பயிற்சி என்று அரைநாள் பவர்பாயிண்ட் போடாதீர்கள். அவருக்குச் சத்துமாவு கணக்கு, எடைக் கணக்கு, போனில் பதிவேற்றம் என்று ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. இருபது நிமிடம் அவரோடு தரையில் உட்கார்ந்து, அவர் செய்கிற வேலையிலேயே ஒன்றை மாற்றுங்கள். மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு கொடுக்கும்போது பேசாத பிள்ளைக்கு மட்டும் தட்டை வெறுமையாகக் கொடுத்துக் காத்திருப்பது மாதிரி ஒன்று. ஒரு மாதத்துக்கு ஒரே ஒன்று. பிள்ளை 'சோறு' என்று சொன்ன அன்று அவர் உங்களுக்கு போன் பண்ணுவார். அந்த போன் வந்துவிட்டால் அடுத்த பிள்ளையை அவரே கண்டுபிடித்துக் காட்டுவார்.

பதிவேடு எளிமையாக இருக்கட்டும்: பெயர், பிறந்த தேதி, காது பார்த்தாயிற்றா, கொடுத்த வேலை, யார் செய்கிறார், அடுத்து எப்போது. 'யார் செய்கிறார்' என்ற கட்டத்தில் 'பெற்றோர்' என்று எழுதாதீர்கள். ஆச்சியா, சித்தியா, ஏழாவது படிக்கும் அக்காவா என்று எழுதுங்கள். வீட்டு வேலையை முறையாகச் செய்வதில் அந்த ஏழாவது படிக்கும் அக்காக்களை மிஞ்ச ஆளில்லை.

நோட்டை உங்கள் பையில் எடுத்துப் போகாதீர்கள். நீங்கள் மாற்றலாகலாம், திட்டத்துக்குப் பணம் நிற்கலாம், அடுத்த மாதம் வேறு யாராவது வரலாம். அது நர்ஸக்காவின் பீரோவில், கர்ப்பிணிப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.